முதல் அத்தியாய நூலைத் தேர்ந்தெடுத்தல்: கோத்தகிரிக் குழந்தைகளுக்கு எந்த வகை பொருந்தும்?

இரண்டாம் வகுப்பின் முடிவிலோ மூன்றாம் வகுப்பின் நடுவிலோ ஒரு குழந்தை எழுத்துக்கூட்டும் நிலையைக் கடந்து, வாக்கியத்தை வாக்கியமாகவே வாசிக்கத் தொடங்குகிறது. அதுவரை அதன் கையில் இருந்தவை 16 அல்லது 24 பக்கப் படக்கதைகள். அடுத்து அதற்குத் தேவைப்படுவது, 50 முதல் 80 பக்கம் வரை நீளக்கூடிய, ஒரே அமர்வில் ஒன்றை முடித்துவிடத்தக்க சிறு அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்ட, பக்கம் புரட்டும்போதெல்லாம் ஒரு படமாவது கண்ணில் படுகிற கதைநூல், அதாவது அத்தியாய நூல். ஆங்கிலத்தில் இந்த வகைக்கென்று தனி அலமாரிகளே உண்டு. தமிழில் இந்த இடைப்படி மிகவும் மெலிந்திருக்கிறது. படக்கதையை முடித்த குழந்தைக்கு எதிரே, நெருக்கமான எழுத்தில் அச்சிட்ட நாவலே நிற்கிறது. அந்த உயரம் எட்டாமல் வாசிப்பையே விட்டுவிடும் குழந்தைகள் உண்டு என்பதைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

கோத்தகிரி வட்டாரத்தில் மாலைநேர வாசிப்பறை நடத்துவோரையும், வகுப்பறை மூலையில் ஓர் அலமாரி வைத்திருக்கும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்தே, படக்கதைகள், மொழிபெயர்ப்புத் தொடர்கள், சாகச நாவல்கள், தமிழில் புதிதாக வரும் குறு அத்தியாய நூல்கள் என்ற நான்கு வகைகளின் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். நம்மிடம் வரும் குழந்தைகள் ஒரே வகையினர் அல்லர். படுகர் ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வரும் குழந்தை வீட்டில் படுக மொழி பேசுகிறது. இருளர், குறும்பர் குடியிருப்புகளிலிருந்து வரும் குழந்தைகளுக்கும் தமிழ் பள்ளியில் வந்து சேர்ந்த மொழி. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழே வீட்டு மொழி. கொழுந்து பறிக்கப் போன தாய் மாலையில்தான் திரும்புவார் என்பதால், பள்ளி விட்டதிலிருந்து பொழுது சாயும் வரை இக்குழந்தைகளில் பலருக்குத் துணை, உடன் வரும் இன்னொரு குழந்தைதான். ஆண்டுக்கு ஒரு முறை புத்தகம் வாங்கக் கிடைக்கும் சிறு தொகையை எந்த வகை நூல்களில் செலவிடுவது என்று முடிவு செய்யும்போது இந்தச் சூழல் முழுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்த வயதினர் கேட்டு வாங்கும் கதைகளில் பெரும்பாலானவை இரண்டு செய்திகளைச் சுற்றியே அமைகின்றன: நட்பு, சாகசம். இரண்டும் மலைக் குழந்தைக்கு வெறும் கற்பனை அல்ல. தேயிலைத் தோட்டத்தின் குறுக்கு வழியில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளிடம், தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகப் பேசிக்கொண்டே போங்கள் என்று பெரியவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த வழியில் காட்டெருமைகள் மேயக்கூடும். விடியலிலும் அந்தியிலும் கரடி குறுக்கிடக்கூடும். சிறுத்தையின் நடமாட்டமும் உண்டு. சமவெளியில் நண்பன் விளையாட்டுத் துணை என்றால், இங்கே அவன் பாதுகாப்பும் ஆவான். ஆகவே நட்பையும் சாகசத்தையும் சேர்த்துச் சொல்லும் கதை என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதை நாம் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்துடன் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் கேட்டிருக்கும் ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். இரு நண்பர்கள் காட்டு வழியே போகிறார்கள். கரடி வருகிறது. ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்கிறான். மரமேறத் தெரியாத மற்றவன் மூச்சை அடக்கிச் செத்தவன்போல் கிடக்கிறான். கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. ஆபத்தில் கைவிட்டவன் நண்பன் அல்லன் என்று கதை தீர்ப்புக் கூறி முடிகிறது. இந்தக் கதையைக் கரடி நடமாடாத ஊரில் சொல்வது வேறு, கோத்தகிரியில் சொல்வது வேறு. மரமேறுவதில் நம் காட்டுக் கரடி கைதேர்ந்தது. தேனடையைத் தேடி அது உயர்ந்த மரங்களிலும் ஏறும். பசிக்காக அன்றி, திடீரென எதிர்ப்பட்ட அச்சத்தினாலேயே பெரும்பாலும் அது மனிதனைத் தாக்குகிறது. எனவே மரத்தில் ஏறினால் தப்பலாம் என்பதையோ, பிணம்போல் கிடந்தால் கரடி தீண்டாது என்பதையோ ஒரு குழந்தை நம்பிக்கொள்வது நல்லதன்று.

அதைவிடவும் என்னை உறுத்துவது அக்கதையின் தீர்ப்பு. ஏழு வயதுக் குழந்தை அஞ்சி ஓடினால் அது துரோகம் ஆகிவிடுமா? அஞ்சியவனைக் கதை ஒரே வாக்கியத்தில் நட்பிலிருந்து விலக்கிவிடுகிறது. அவன் மறுநாள் என்ன நினைத்தான், திரும்பி வந்து என்ன பேசினான், தரையில் கிடந்தவனுக்கு எவ்வளவு கோபம் இருந்தது, அந்தக் கோபம் எப்படித் தணிந்தது என்பதற்கெல்லாம் அங்கே இடமே இல்லை. நீதிக்கதையின் அளவு அப்படி. பள்ளிக்கு ஒன்றாக நடக்கும் இரு குழந்தைகளின் வாழ்வில் முக்கியமானது அந்த மறுநாள்தான். முந்தின மாலை காட்டெருமையைக் கண்டு ஒருத்தி ஓடிவிட்டாள் என்றாலும், மறுநாள் காலை அவர்கள் இருவரும் அதே வழியில் சேர்ந்து நடந்தாக வேண்டும்.

அத்தியாய நூலின் தனிச்சிறப்பு இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். இரண்டாம் அத்தியாயத்தில் ஏற்பட்ட பிணக்கு மூன்றாம் அத்தியாயம் முழுவதும் நீடிக்கலாம். நான்காவதில் ஒருவர் தயங்கித் தயங்கி அடுத்தவரின் வாசலுக்கு வரலாம். ஐந்தாவதில் இருவரும் சேர்ந்து விட்ட இடத்திலிருந்து தேடலைத் தொடரலாம். உறவு முறிந்து, பின் ஒட்டும் காலத்தைப் பக்கங்களின் வழியே வாசகரும் கடக்கிறார். திருக்குறளில் நட்பைப் பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்காக மட்டுமன்று, நண்பன் எல்லை மீறும்போது முன்சென்று இடித்துரைப்பதற்காகவும்தான் என்று அதில் ஓரிடத்தில் வள்ளுவர் சொல்கிறார். வேண்டாம் என்று தடுக்கும் நண்பனும் நண்பனே என்ற இந்தப் பார்வையைச் சாகசக் கதைகளில் தேடினால், பல நூல்கள் அந்தச் சோதனையில் தேறுவதில்லை. ஆகவே எல்லா வகைகளையும் நான் முதன்மையாக ஒரே கேள்வியைக் கொண்டு ஒப்பிடுகிறேன்: இந்தக் கதையில் அஞ்சுகிற குழந்தைக்கு என்ன நேர்கிறது? அந்தக் குழந்தை கேலிக்கு ஆளாகிறதா, கதையிலிருந்தே விலக்கப்படுகிறதா, அல்லது அதன் அச்சம் மற்றவர்களால் கேட்கப்பட்டுத் திட்டத்தையே மாற்றுகிறதா?

முதல் வகையான படக்கதைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், துலிகா, பிரதம் புக்ஸ் ஆகிய பதிப்பகங்களின் தமிழ்ப் படக்கதைகள் தரத்தில் நம்பத்தக்கவை. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டு வந்திருக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் உள்ள கதைகளை, எழுதியவர், வரைந்தவர், பதிப்பாளர் பெயர்களைக் குறிப்பிட்டு எவரும் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். பள்ளியிலும் இணையத்திலும் இவ்வளவு கிடைக்கும்போது, இருக்கும் சிறு தொகையை மீண்டும் படக்கதைகளில் செலவிடுவது தேவையற்றது. மேலும், 16 பக்கத்தில் சந்தித்துப் பிரியும் பாத்திரங்களிடம் நட்பின் தொடக்கத்தைக் காட்டலாம். அதன் இடைக்காலத்தைக் காட்டுவது கடினம். ஆயினும் ஒன்று செய்யலாம். அத்தளத்தின் மூன்றாம், நான்காம் நிலைக் கதைகளில் ஒரே பாத்திரங்கள் மீண்டும் வருபவை கிடைத்தால், அவற்றில் மூன்று நான்கைச் சேர்த்து ஒரே கட்டாகத் தைத்துக் கொடுத்தால், அது குழந்தைக்கு ஏறத்தாழ ஓர் அத்தியாய நூலாகவே அமையும்.

மொழிபெயர்ப்புத் தொடர்கள் இரண்டாம் வகை. வேற்று நாடுகளில் இந்த வயதுக்கென்றே உருவான கதைகள் தமிழில் வரும்போது, அவற்றின் கட்டமைப்பு முழுமையாக வந்துசேர்கிறது: குணத்தில் மாறுபட்ட இரு நண்பர்கள், அவர்களுக்குள் ஒரு சிறு பிணக்கு, மிதமான ஓர் ஆபத்து, பிறகு இணக்கம். அஞ்சுபவர் யார் என்ற கேள்விக்கு நல்ல தொடர்கள் அளிக்கும் விடை நிறைவானது. ஒரு கதையில் அஞ்சியவர் அடுத்த கதையில் வழிகாட்டுகிறார், துணிந்தவர் வேறொன்றைக் கண்டு நடுங்குகிறார். தொடராக இருப்பதிலும் ஒரு நன்மை உண்டு. முதல் நூலில் பாத்திரங்களின் பெயரையும் வீட்டையும் பழக்கங்களையும் அறிந்துகொண்ட குழந்தை, இரண்டாவது நூலை எடுக்கும்போது பாதிச் சுமையை ஏற்கெனவே இறக்கி வைத்துவிட்டிருக்கிறது. அறிந்த நண்பர்களிடம் திரும்பிப் போகும் ஆவலே அதை அடுத்த நூலையும் வாசிக்க வைக்கிறது.

இவ்வகை நூல்கள் நம் குழந்தைகளுக்கு அந்நியமானவை என்று சொல்லப்படுவதை நான் முழுமையாக ஏற்பதில்லை. கம்பளிச் சட்டை, மூடுபனி, கணப்பு, மழையில் நனைந்த காலணி ஆகியவை வரும் படத்தைச் சென்னைக் குழந்தையைவிடக் கோத்தகிரிக் குழந்தை எளிதில் உள்வாங்கிக்கொள்கிறது. மார்கழி தை மாதங்களில் உதகையின் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடப்பதைக் கண்ட குழந்தைக்குப் பனி பொழியும் ஊர் எட்டாத கற்பனை அன்று. உண்மையான இடர்ப்பாடு மொழியில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் நிதானமாகத் தொடரும் விளக்கத்தைத் தமிழில் பெயருக்கு முன்னால் அடுக்கும்போது, 'நேற்று மாலை ஏரிக்கரையில் தான் கண்டெடுத்த பெட்டியைத் தோழியிடம் காட்டுவதற்காக மூச்சிரைக்க ஓடிவந்த அணில்' என்பது போன்ற தொடர்கள் உருவாகின்றன. ஓடி வந்தது யார் என்பதை அறியக் குழந்தை வரியின் கடைசிவரை எல்லாச் சொற்களையும் நினைவில் சுமக்க வேண்டியிருக்கிறது. இதையே மூன்று சிறு வாக்கியங்களாக உடைத்துத் தந்திருக்கும் மொழிபெயர்ப்பாளரின் நூலைத் தேடி வாங்குவது, மூல நூலின் புகழைப் பார்த்து வாங்குவதைவிட நல்லது. பெயர்களையும் பார்க்க வேண்டும். ஃப், ஸ், ஜ், ஷ் என்று மெய்கள் நெருங்கி நிற்கும் பெயர் பக்கத்துக்கு ஐந்து முறை வந்தால், தமிழே இரண்டாம் மொழியாக உள்ள குழந்தை அந்தப் பெயரிலேயே தடுக்கி நின்றுவிடும்.

மூன்றாம் வகை, தமிழில் நெடுங்காலமாக வழங்கி வரும் சாகச நாவல்கள். சிறுவர் இதழ்களில் தொடர்கதையாக வந்து பின்னர் நூலாக்கம் பெற்ற இக்கதைகளில் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவும் அடுத்ததை உடனே புரட்ட வைக்கும். மொழியும் இயல்பான தமிழாக ஓடும். இவற்றை வாசித்து வளர்ந்த தலைமுறைக்கு இவற்றின் மீதுள்ள பாசத்தை நான் மதிக்கிறேன், அதில் எனக்கும் பங்கு உண்டு. ஆயினும் முதல் அத்தியாய நூலாக இவற்றை வாங்கிக் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு காரணம் வடிவம். 120 பக்கத்துக்கு மேல், சிறு எழுத்தில், முழு நூலுக்கும் நான்கைந்து படங்களே கொண்ட நூல் தொடக்க வாசகரை அச்சுறுத்தும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன் அச்சான பழைய பிரதிகள் நன்கொடையாக வந்தால், அவற்றில் ணை, லை, றா போன்ற எழுத்துகள் வேறு உருவத்தில் இருக்கும்; இன்றைய இரண்டாம் வகுப்புக் குழந்தையால் அவற்றை அடையாளம் காணவே இயலாது.

ஆனால் வடிவம் சிறிய காரணம்தான். இவ்வகைக் கதைகள் பலவற்றில் குழுவுக்கு ஒரு தலைவன் இருக்கிறான். அவன் சொல்வதே முடிவு. குண்டாகவும் பயந்தாங்கொள்ளியாகவும் ஒரு சிறுவன் இருப்பான். அவன் அஞ்சும்போதெல்லாம் மற்றவர்கள் சிரிப்பார்கள், வாசகரும் சிரிக்க வேண்டும் என்று கதை எதிர்பார்க்கும். சிறுமி இருந்தால் அவள் உணவு கட்டிக் கொடுப்பாள் அல்லது கடத்தப்பட்டு மீட்கப்படுவாள். பெற்றோருக்குத் தெரியாமல் இரவில் வீட்டைவிட்டு வெளியேறுவது துணிவின் அடையாளமாகவும், யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று கேட்பது கோழைத்தனமாகவும் காட்டப்படும். அந்தி சாய்ந்தபின் கதவைத் திறப்பதற்கே விளக்கடித்துப் பார்க்கும் ஊரில் வாழும் குழந்தைக்கு இந்தப் பாடம் எவ்வளவு தீங்கானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. காடும் மலையும் வரும் அத்தகைய கதைகளில் அங்கு வாழும் மக்கள், ஈட்டியுடன் மரத்தின் பின்னால் மறைந்திருந்து கதைமாந்தரைப் பிடித்துக் கட்டும் 'காட்டுவாசிகளாக' வருவது வழக்கமாக இருந்தது. எழுதியவர்கள் தீய எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் வாசிப்பறையில் அந்தப் பக்கத்தைத் திறக்கப்போவது ஓர் இருளர் சிறுமியாகவோ குறும்பர் சிறுவனாகவோ இருக்கலாம். பக்கத்தில் அமர்ந்து அதே நூலை வாசிக்கும் வேறொரு குழந்தை அந்தப் படத்தையும் தன் தோழியையும் மாறி மாறிப் பார்க்கும். நட்பை வளர்க்க வாங்கிய நூல் இரு குழந்தைகளுக்கு நடுவே அப்படி ஒரு பார்வையைக் கொண்டுவந்து வைக்குமானால், அதன் விறுவிறுப்பு எதற்கும் ஈடாகாது. இத்தகைய நாவல்களில் நல்லவற்றை ஆசிரியர் தேர்ந்தெடுத்து, தாமே உரக்க வாசித்துக் காட்டலாம். இடையில் நிறுத்தி, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். பெரியவரின் குரல் உடன் இருக்கும் வரை அவை பயன்தரும்.

நான்காவது வகை, கடந்த சில ஆண்டுகளில் தமிழிலேயே புதிதாக எழுதப்பட்டு வரும் குறு அத்தியாய நூல்கள். பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் வரிசையிலும், பிற சிறு பதிப்பகங்களின் வெளியீடுகளிலும் இத்தகையவற்றைத் தேடிப் பார்க்கலாம். விலை எளியது, உரையாடல்கள் குழந்தைகள் பேசுவதைப் போலவே இருக்கும், கதைமாந்தரின் பெயர்கள் வகுப்பறை வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களாகவே இருக்கும். அரசுப் பள்ளி, சத்துணவுக் கூடம், நியாயவிலைக் கடை, பேருந்துப் பயணம் என்று குழந்தை நாள்தோறும் காணும் இடங்களில் கதை நடக்கும்போது, அறிந்த உலகத்தின் துணையோடு அறியாத சொல்லை ஊகிப்பது எளிதாகிறது.

இவ்வகையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒன்று, படங்கள். எழுத்துக்குச் செலவிடும் கவனத்தைப் பல பதிப்பகங்கள் படத்துக்குச் செலவிடுவதில்லை. கதையில் மூவர் என்றிருக்கும், படத்தில் இருவர் இருப்பர். தொடக்க வாசகர் படத்தை அலங்காரமாகப் பார்ப்பதில்லை. தாம் வாசித்தது சரிதானா என்று சரிபார்க்கும் இடமாகவே பார்க்கிறார். படமும் சொல்லும் முரண்பட்டால் குழந்தை தன் வாசிப்பையே ஐயுறும். இரண்டாவது குறை அறிவுரை. நண்பர்களுக்குள் பிணக்கு வந்தவுடன் ஒரு தாத்தாவோ ஆசிரியையோ தோன்றி நட்பின் பெருமையை எடுத்துரைத்து இருவரையும் சேர்த்துவைத்துவிடுகிறார். குழந்தைகள் தாங்களாகவே சமாதானம் ஆகும் வழியைக் கதை காட்டத் தவறுகிறது. ஆபத்தில் பெரியவரை அழைப்பது சரி. மனத்தாங்கலைத் தீர்க்க ஒவ்வொரு முறையும் பெரியவர் வந்தாக வேண்டும் என்றால், கொழுந்து நிறுக்கும் நேரம் வரை பெரியவர் எவரும் இல்லாத மாலைப்பொழுதில் அக்குழந்தைகள் என்ன செய்வார்கள்?

நான்கையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இது: தமிழில் எழுதப்பட்ட குறு அத்தியாய நூல்களில், அஞ்சும் குழந்தையை மதிப்போடு நடத்துபவை எவையோ அவற்றையெல்லாம் முதலில் வாங்கிவிட வேண்டும், எண்ணிக்கையில் அவை குறைவு என்பதால் தொகையில் பாதிக்கு மேல் செலவாகாது. எஞ்சிய தொகையில், வாக்கியம் சிறிதாக மொழிபெயர்க்கப்பட்ட ஒரே ஒரு தொடரைத் தேர்ந்து, அதன் முதல் சில நூல்களை வாங்குவது நல்லது. நான்கு வெவ்வேறு தொடர்களின் முதல் நூலை மட்டும் வாங்கி வைப்பது பார்வைக்கு அலமாரியை நிறைக்கும். ஆனால் ஒரு நூலை விரும்பி முடித்த குழந்தைக்கு அடுத்தது இல்லை என்ற ஏமாற்றத்தையே தரும்.

எதை வாங்கினாலும் ஒவ்வொரு நூலிலும் இரண்டு பிரதிகள் வாங்குங்கள் என்பதை வற்புறுத்திச் சொல்வேன். தலைப்புகளின் எண்ணிக்கை பாதியாகும். அது குறித்து வருந்த வேண்டியதில்லை. இரு குழந்தைகள் அருகருகே அமர்ந்து ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் அவர் என்று வாசிக்கும்போது, தடுமாறுபவருக்கு உதவுவதும், முந்திக்கொள்ளாமல் காத்திருப்பதும், கதையின் போக்கைப் பற்றி மாறுபட்டுப் பேசுவதும் அங்கேயே நிகழ்கின்றன. வேகமாக வாசிக்கும் படுகர் சிறுவனும் மெதுவாக வாசிக்கும் இருளர் சிறுமியும் ஒரே அத்தியாயத்தில் இருக்கும்போது, அத்தியாயத்தின் முடிவு இருவருக்கும் ஒரு சந்திப்பு இடமாக அமைகிறது.

வாங்கும் முன் நூலைத் திறந்து பார்க்கையில் முதல் பக்கத்தைவிட நடு அத்தியாயத்தைப் பாருங்கள். முதல் பக்கத்தைப் பதிப்பாளர்கள் எப்போதும் அழகாகவே அமைக்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'வந்துகொண்டிருந்தார்கள்' என்ற ஒரு சொல்லில் 12 எழுத்துகள் இருக்கின்றன. இத்தகைய சொல்லைப் பாதியில் வெட்டி, இணைப்புக் குறியும் இல்லாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் வழக்கம் தமிழ் அச்சில் இன்னும் நீடிக்கிறது. பெரியவர் கண்ணுக்கு இது தென்படுவதே இல்லை. தொடக்க வாசகரோ வெட்டுண்ட சொல்லை இரண்டு சொற்களாக வாசித்துப் பொருள் தெரியாமல் திகைக்கிறார். சொல் முழுமையாக ஒரே வரியில் நிற்குமாறும், வலது ஓரம் சமன்படாவிட்டாலும் பரவாயில்லை என்று விட்டும் அச்சிட்ட நூல், கதை சற்று எளியதாக இருந்தாலும், இந்த வயதுக்கு மேலானது. பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே கதையின் திருப்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் இடத்தில் படம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்ணப் படம் பத்து இருப்பதைவிட, கறுப்புக் கோட்டோவியம் ஒவ்வொரு விரிப்பிலும், அதாவது எதிரெதிரே விரியும் இரு பக்கங்களிலும் சேர்த்து ஒன்றாவது, இருப்பது நல்லது. வாய்ப்பிருந்தால் ஒரு குழந்தையை உடன் அழைத்துச் சென்று, நடு அத்தியாயத்தில் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அந்த நூல் அடுத்த ஆண்டுக்கு உரியது.

கட்டமைப்பையும் நம் வானிலையைக் கருதியே பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தொட்டபெட்டா தடுத்துவிடுவதால் கோத்தகிரியில் மழை வலுப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான். அந்த மாதங்களின் ஈரத்தில் நடுவில் கம்பி குத்திய நூல்கள் துருப்பிடித்துக் கிழிகின்றன. பசையால் மட்டும் ஒட்டிய முதுகுகள் விட்டுப்போகின்றன. வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நூலால் தைத்த கட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீணாகாது.

இவை எல்லாம் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளுக்குப் பொருந்தும். வாசிப்பறைக்கு வருபவர்களில் பத்து, பதினொரு வயதாகியும் இப்போதுதான் வாக்கியம் வாசிக்கத் தொடங்கியிருப்பவர்களும் இருப்பார்கள். பள்ளி இடையில் விட்டுப்போனவர்கள், மொழி மாறி வந்தவர்கள். இவர்களுக்கு மேற்சொன்ன வரிசையை நான் மாற்றிக்கொள்வேன். முயலும் ஆமையும் நண்பர்களாக இருக்கும் நூலை அவர்கள் கையில் கொடுத்தால், அது எவ்வளவு எளிதாக இருந்தாலும், சிறு பிள்ளைகளின் முன் அவர்கள் அதைத் திறக்கமாட்டார்கள். அவர்களுக்குக் காமிக்ஸ் எனப்படும் சித்திரக்கதைகள் உகந்தவை; கட்டத்துக்குள் சொற்கள் குறைவு, கதைமாந்தர் வளர்ந்தவர்கள், நூலைக் கையில் வைத்திருப்பதில் கூச்சமும் இல்லை. துப்பாக்கியும் பழிவாங்கலுமாக நிறைந்தவற்றைத் தவிர்த்துவிட்டு, தேடலும் பயணமும் உள்ளவற்றை ஆசிரியர் முன்கூட்டியே வாசித்துப் பிரித்து வைக்கலாம். தமிழ் அத்தியாய நூல்களிலும், கதைமாந்தரின் வயது பத்துக்கு மேல் இருந்து, வாக்கியங்கள் மட்டும் எளிதாக உள்ளவற்றை இவர்களுக்கென்று முதலிலேயே எடுத்து வைத்து, அவற்றின் அட்டையில் வகுப்பு எண்ணையோ நிலை எண்ணையோ ஒட்டாமல் விட்டுவிட வேண்டும்.